அடுத்த கார் எதுன்னு கேக்குறாங்க

போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. பயணப் பழக்கம் பற்றிய ஆன்லைன் சர்வே, நிரப்பினா ரீலோட் கிடைக்கலாமாம். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்ட பிறகு இப்படியான லிங்குகளுக்குப் பஞ்சமே இல்ல.

நாலாவது கேள்வி: "உங்கள் குடும்பம் அடுத்து வாங்கவிருக்கும் கார் எது?" பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், பதில் கட்டாயம். 'வாங்கும் எண்ணமில்லை' என்ற தெரிவே கிடையாது. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அடுத்ததா? மொதல்ல அஞ்சரை பஸ் ஒழுங்கா வருதான்னு கேக்கச் சொல்லு புள்ள" என்றார். நான் 'ஹைப்ரிட்' என்று அமத்திட்டு அடுத்த பக்கம் போனேன். இப்ப ஏதோ ஒரு வரைபடத்தில், டிக்கோயா லயத்துக் குடும்பமொன்று ஹைப்ரிட் கார் வாங்கத் தயாராக நிற்கிறது.

வசிப்பிடத்துக்கு இரண்டே தெரிவு: நகரம், கிராமம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம்கூட வீட்டு வருமானச் செலவின ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்த ஃபார்மில் தோட்டம் என்று ஓர் இடமே இல்லை.

1936இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் கார் பதிவுப் பட்டியலிலும் இருந்துதான் எடுத்தார்கள். 20 லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். பதில் அனுப்பினவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்தான் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எண்ணிக்கை கூடினா உண்மை கூடிடாது.

"கம்பெனி கார் விக்கத்தானே கேக்குது, உனக்கென்ன?" என்று ரூம்மேட் கேட்டாள். சரி, காருக்கு மட்டும் என்றால் விட்டுடலாம். ஆனால் "மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள்" என்று தலைப்புப் போட்டுத்தானே அறிக்கை வரும்? வண்டி வச்சிருக்கிறவனை மட்டும் பயணி என்று நினைக்கிற பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்று 2022இல் பார்த்தோம். எரிபொருள் QR தொடங்கினப்போ வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5. அது சர்வே பார்த்து எடுத்த முடிவு என்று சொல்ல வரல. ஆனா எங்க டிவிஷனில் ராத்திரி வலி வந்த பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது அந்த 5 லீற்றர் ஆட்டோதான். ஒரு ஆட்டோ, இருபது குடும்பம். கணக்கில் அது ஒரு வாகனம், ஒரு உரிமையாளர், அவ்வளவுதான்.

வீடு வீடாகப் போய்க் கேட்க முடியாதா? ஜய்க்கா உதவியோட மேல் மாகாணத்தில் 2013 வாக்கில் அப்படித்தான் பயண ஆய்வு நடந்தது. கொழும்புக்கு முடிந்தது ஹட்டனுக்கு முடியாதா?

நானும் யோக்கியமில்லை. போன செமஸ்டர் அசைன்மென்டுக்கு கூகுள் ஃபார்ம் ஒன்றை பெட்ச் குரூப்பில் போட்டு, வந்த 60 பதிலுக்கு 'மலையக இளைஞர்கள்' என்று தலைப்பு வச்சேன். மார்க்ஸும் நல்லாத்தான் கிடைச்சது.

இந்த லீவுக்குப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு காலையில் அஞ்சரை பஸ் ஹோல்ட்டில் நிற்கப் போறேன். முதல் கேள்வி அம்மாவோடது.