சனத்தின் மேல் போட்ட பழி

கொரோனாக் காலத்தைப் பற்றி மட்டக்களப்பில் எங்கே பேச்செடுத்தாலும் ஒரு வசனம் வந்து விழுகிறது: "சனத்துக்கு விளக்கமில்ல, அதான் டெஸ்டுக்கு வராம ஒளிச்சாங்க." கச்சேரிக் கூட்டங்களில் இதையே விழிப்புணர்வுக் குறைபாடு என்கிறார்கள். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்ற முஸ்லிம் ஊர்களின் பெயர்கள் வந்தால் குரலில் அழுத்தம் கூடிவிடும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் படித்தவர்களே அதிகம் நம்புகிற கதை இது. அரசாங்கம் செய்த குற்றத்தை, அந்தக் குற்றத்தால் அடிபட்டவர்களின் தலையில் ஏற்றி வைக்கிற கதை.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2020 மார்ச் 10ஆம் திகதி, வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களை ஏற்றிய பஸ்கள் புணானைக்கு வந்தன. அங்கே பல்கலைக்கழகம் ஒன்றுக்காகக் கட்டியிருந்த கட்டடங்கள் இராணுவத்தின் பொறுப்பில் தனிமைப்படுத்தல் நிலையமாயின. பிறகு நாட்டின் கொவிட் தடுப்புச் செயலணிக்கே இராணுவத் தளபதி தலைவரானார். கொழும்பில் இருப்பவருக்கு இது நிர்வாக ஏற்பாடாகத் தெரிந்திருக்கலாம். மட்டக்களப்பில் அப்படித் தெரியாது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் ஏற்றிச் சென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்த தாய்மார் இன்னும் இதே ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். சீருடைக்காரர் வந்து ஆளை ஏற்றிப் போவது இங்கே என்ன பொருள்படும் என்று செயலணியில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும்.

அதன்மேல் வந்தது வர்த்தமானி. கொவிட்டால் இறந்தவர்களை அடக்கவோ தகனம் செய்யவோ சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டி இடம் கொடுத்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சில் இரண்டும் பாதுகாப்பானவை என்றே சொன்னது. ஆனால் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்பதுதான் காரணம். அதற்கான சான்றை எவரும் முன்வைக்கவில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், எதிர்த்து வந்த மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது.

இனி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். எழுபது வயது வாப்பாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சலும் இருமலும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மூக்கில் குச்சி விடுவார்கள். பொசிட்டிவ் என்றால் வீட்டை அடைப்பார்கள், ஒருவரும் உழைக்கப் போக முடியாது. அவர் மௌத்தானால் ஜனாஸாவைக் குளிப்பாட்டித் தொழுது அடக்க விடமாட்டார்கள், எரிப்பார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் ஒருவேளை சுகமாகிவிடும். சுகமாகாவிட்டாலும் மண்ணாவது கிடைக்கும். இதை அறியாமை என்பவர், அந்த வீட்டில் இருந்திருந்தால் வேறு எந்த முடிவை எடுத்திருப்பார்? அந்தக் குடும்பத்துக்குப் பரிசோதனை என்னவென்று நன்றாகவே தெரிந்திருந்தது. அதன் விடை தங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்திருந்தது.

இந்தத் தாமதத்தின் விலை உயிர். கொவிட்டில் ஒட்சிசன் குறைவது பலருக்கு உடனே தெரிவதில்லை. மனிதர் எழும்பி நடப்பார், தேத்தண்ணி குடிப்பார், உள்ளே நுரையீரல் தோற்றுக்கொண்டிருக்கும். விரலில் மாட்டும் சின்னக் கருவி அதைக் காட்டிக் கொடுக்கும். எந்த ஆஸ்பத்திரியிலும் உள்ள மலிவான டெக்ஸாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்காலும் ஒட்சிசன் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்காலும் குறைத்ததை பிரித்தானியாவின் ரிகவரி ஆய்வு 2020 ஜூனிலேயே அறிவித்துவிட்டது. இதெல்லாம் வார்டுக்கு வந்து சேர்ந்தவருக்குத்தான் பயன்படும். அந்த ஆண்டின் இறுதியில் அரச தகவல் திணைக்களம் வெளியிட்ட மரண அறிவித்தல்களில் வீட்டில் இறந்தவர்கள் அடிக்கடி வந்துகொண்டே இருந்தார்கள்.

அறியாமை என்று சொல்பவர்கள் 2020 டிசம்பரை நினைக்க வேண்டும். கொழும்பில் பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையொன்றுக்கு அன்டிஜன் பரிசோதனையில் பொசிட்டிவ் வந்தது. குழந்தை இறந்தது. பி.சி.ஆர். செய்து உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டும் செய்யவில்லை என்று தகப்பன் ஊடகங்களிடம் சொன்னார். பெற்றோரின் சம்மதம் இல்லாமலே குழந்தையை எரித்தார்கள். அன்டிஜன் விடையை பி.சி.ஆரால் சரிபார்க்கச் சொல்லிக் கேட்பது ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் கேட்கும் கேள்வி. அந்தத் தகப்பன் விஞ்ஞானத்தின் பக்கம் நின்றார். அதை எதிர்த்துப் பொரளை மயானத்தின் கேற்றில் கபன் துணி கட்டியவர்களும் மூடநம்பிக்கைக்காகப் போராடவில்லை. அதே நாட்களில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கொவிட்டுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணியைக் கெமராக்களுக்கு முன்னால் குடித்தார். அதற்கு முன் தொற்று ஒழிய வேண்டுமென்று ஆற்றில் பானை விட்டார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. விளக்கமில்லாதவர் யார் என்று எண்ணத் தொடங்கினால் பட்டியலைக் கொழும்பில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

கட்டாயத் தகனம் நோயாளிகளை ஒளிய வைக்கும் என்பது முன்கூட்டித் தெரியாத விஷயமும் அல்ல. 2014இல் லைபீரியா எபோலாவால் இறந்தவர்களைத் தலைநகர் மொன்ரோவியாவில் தகனம் செய்ய உத்தரவிட்டது. எரிக்கும் வழக்கமே இல்லாத சனம் நோயாளிகளை ஒளித்தது, இரகசியமாக அடக்கியது. சிகிச்சை நிலையங்களில் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன, நோய் வீடுகளுக்குள் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் பாடம் படித்து அடக்கத்துக்கு ஒரு காணியை ஒதுக்கியது. எபோலாவில் பிணத்தால் தொற்றும் ஆபத்து மிகப் பெரிது, அங்கேயே வழி கண்டார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு, பிணத்தால் அவ்வளவு ஆபத்தே இல்லாத ஒரு நோய்க்கு நாங்கள் அதே பிழையைச் சட்டமாக்கினோம். இந்தக் கொள்கை ஏழைகளையும் பலவீனமானவர்களையும் பொதுச் சுகாதாரச் சேவையிலிருந்து விலக்கிவிடும் என்று 2021 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர்கள் எச்சரித்தார்கள்.

எந்தப் பரிசோதனையும் தானாக ஆளைக் காப்பாற்றுவதில்லை. இங்கிலாந்தின் சவுதாம்டனில் மூச்சுத் தொற்றோடு வந்த 720 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பாதிப் பேருக்கு என்ன வைரஸ் என்று உடனுக்குடன் சொல்லிவிடும் கருவி. ஆனாலும் அன்டிபயோட்டிக் பெற்றவர்களின் விகிதம் அசையவில்லை: ஒரு பக்கம் 84 சதவீதம், மற்றப் பக்கம் 83. ஆனால் இன்புளுவென்சா உள்ளவர்களுக்கு அதற்குரிய மருந்து கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது, வார்டில் தங்கும் நாட்களும் குறைந்தன. விடை வைத்தியரின் கையை எங்கே அசைத்ததோ அங்கே மட்டும் நோயாளிக்கு நன்மை. எங்கள் ஊரில் அந்த விடை யாருடைய கையை அசைத்தது? பொலிசின் கையை, இராணுவத்தின் கையை, சுடலைக்காரரின் கையை.

சனம் விஞ்ஞானத்துக்கு எதிரி என்றால் தடுப்பூசியையும் ஒதுக்கியிருக்க வேண்டும். ஊசி வந்தபோது நாடெங்கும் வரிசை கட்டி நின்றார்கள். 2021 முடிவதற்குள் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசியும் போட்டிருந்தார்கள். ஊசி போட்டதற்காக எவருடைய ஜனாஸாவும் பறிபோகவில்லை.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாறியது. அடக்கத்துக்கு முதலில் இரணைதீவைக் காட்டினார்கள், அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. நாடெங்கிலுமிருந்து வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மை, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. மண் வேண்டும் என்று நினைத்தது ஒரு சமூகம் மட்டும் அல்ல. 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கேட்டது.

அந்த மன்னிப்பு எரிக்கப்பட்டவர்களுக்கு. பயத்தால் வீட்டில் கிடந்து, நேரம் பிந்தி, மூச்சு முட்டி இறந்தவர்களுக்கு இன்னும் ஒன்றுமில்லை. அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால்தான் "விளக்கமில்லாத சனம்" என்ற வசனம் வந்து வாயை அடைக்கிறது. 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் வீட்டில் நடந்த மரணங்களின் பதிவுகள் பிரதேச செயலகங்களில் இருக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரிகளும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரத் துறையினரும் அந்தப் பதிவுகளை எடுத்து, வீடு வீடாகப் போய் இரண்டு கேள்வி கேட்கட்டும்: எத்தனையாம் நாள் மூச்சு முட்டியது? ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? அடுத்த தொற்றுக்கு இந்த மாவட்டத்தில் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த விடைகள் அச்சில் வர வேண்டும். பொசிட்டிவ் என்றால் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் என்ன நடக்கும், இறந்தால் உடலை யார் பொறுப்பேற்பார்கள் என்று எழுத்தில், தமிழில், கையொப்பத்தோடு முதலில் சொல்லட்டும்.