நமது சிந்தனைக்கு: குழந்தையின் பக்கத்தில் யார்?

பிழைப்பை நாடி மலை கடந்துவந்த நம்மவர்க்கு வாளையாரும் குமுளியும் இரு வாயில்கள். அவ்விரண்டு ஊர்களின் பெயரும் இன்று நம் நெஞ்சை வருத்தும் இரு வழக்குகளோடு இணைந்துவிட்டன.

வாளையாரை அடுத்த அட்டப்பள்ளத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்து கிடந்தாள். மார்ச்சில் அவளுடைய 9 வயதுத் தங்கையும் அவ்வாறே இறந்து கிடந்தாள். மூத்தவள் மறைந்த அன்றே இளையவளைக் காக்க ஒருவர் வந்திருக்க வேண்டாமா? அவ்வழக்கில் எதிரி ஒருவருக்காக வாதாடியவரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராகவும் இருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டு, 2019இல் அவர் நீக்கப்பட்டார். காக்க அமர்ந்தவரே எதிர்ப்பக்கம் நின்றால் குழந்தை எங்கே போகும்?

குமுளியில் 2013இல் தந்தையாலும் சிற்றன்னையாலும் வதைக்கப்பட்ட 5 வயதுச் சிறுவன் ஒருவன் குற்றுயிராக மருத்துவமனை சேர்ந்தான். அவ்விருவரும் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு 2024 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட 11 ஆண்டுகள் அவனைத் தாயினும் மேலாகப் பேணியவர், அரசு அமர்த்திய ஒரு பெண்மணி. உற்றார் கைவிட்ட பிள்ளைக்கு ஊரார் ஒருவர் துணையானார்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்னும் நீதிபதி, ஒரு குழந்தையின் எதிர்காலத்தை முடிவுசெய்யத் தம்முன் போதிய செய்தி இல்லையே என்று வருந்தினார். 1977இல் பொதுமக்களிடையே தொண்டர்களைத் தேர்ந்து, குழந்தையின் சார்பில் நீதிமன்றத்தில் பேசப் பயிற்சியளித்தார். அம்முறை இன்று அந்நாடெங்கும் பரவியுள்ளது.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை நம்பும் உறவினரோ நண்பரோ நீதிமன்றத்தில் உடனிருக்கலாம். குழந்தைக்கு அம்மொழி புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். விசாரணை முடியும்வரை கூடவே இருந்து உதவும் துணையாளரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்தலாம் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்வேற்பாட்டை முறையாக நடத்துமாறு உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கட்டளையிட்டது.

ஆயினும் கேட்பவர்க்கே கிடைக்கும். தேயிலைத் தோட்டத்திலோ செங்கற்சூளையிலோ வேலை செய்யும் நம் குடும்பத்துக் குழந்தை, தமிழில் அழுது, மலையாளத்தில் வினவப்படும்போது திகைத்துப்போகிறது. பெற்றோரோ ஒருநாள் கூலி போகுமே என்று அஞ்சுகின்றனர். மானம் போகுமே என்று அதனினும் மிகுதியாக அஞ்சுகின்றனர்.

ஆகவே, இரு மொழியும் அறிந்த தாய்மார் இருவரையேனும் ஒவ்வோர் ஊரிலும் நம் சங்கம் தேர்ந்து வைத்தல் வேண்டும். துணையாளர் வேண்டுமென்று எழுதிக் கொடுக்கவும், வழக்கு நாளன்று குழந்தையின் கைபற்றி உடன்செல்லவும் அவர்கள் முன்வருவாராக.

அயல்வீட்டு அழுகுரல் காதில் விழுந்தால், "நமக்கேன் வம்பு" என்று கதவடைக்காதீர்கள். 1098 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்லுங்கள். அழுவது எவர் வீட்டுப் பிள்ளையாயினும் அது நம் பிள்ளையே.