கூம்பும் கொண்டை ஊசியும்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறு மணி. கனவில் யாரோ என் காதுக்குள் தையல் மெஷின் ஓட்டினார்கள். விழித்துப் பார்த்தால் எதிர்வீட்டுப் பையன். அவனுடைய அப்பா 1994-ல் வாங்கிய ஆர்.எக்ஸ். 100.

"மாமா, சேம்பர் போட்டிருக்கேன். எப்படி இருக்கு?"

"எந்திரிச்சிட்டேன்னா பாத்துக்கோயேன்" என்றேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பை 1996-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் கள்ளக்குறிச்சியில் அந்த விஷயத்தை யாரும் அந்த வண்டியிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. 98 சி.சி., 7,500 சுற்றில் 11 குதிரை. அன்றைக்கு அது பெரிய சமாசாரம். இந்தப் பையனுக்கோ போதவில்லை. "வண்டி இழுக்கவே மாட்டேங்குது மாமா" என்று புலம்பிக்கொண்டே இருந்தவன், எங்கேயோ போய் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து, தகரத்தை வெட்டி உருட்டி வெல்டிங் வைத்த ஒரு குழாயை மாட்டி வந்துவிட்டான். பார்க்க, இரண்டு வேர்க்கடலைப் பொட்டலத்தை வாயோடு வாய் ஒட்டின மாதிரி இருந்தது.

அந்தப் பொட்டலத்துக்குள்தான் விஷயமே. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே நேரத்தில். எரிந்த புகை ஒரு வாசல் வழியாக வெளியே போகும்போதே புதுப் பெட்ரோல் கலவை இன்னொரு வாசல் வழியாக உள்ளே வரும். அந்த நெரிசலில், இப்போதுதான் ஏறின ஆளையும் கூட்டம் கீழே தள்ளிக்கொண்டு போய்விடும். காசு கொடுத்து வாங்கின பெட்ரோல் எரியாமலே ரோட்டுக்குப் போகும்.

இங்கேதான் கண்டக்டராக வருகிறது சேம்பர். புகை வாசல் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடும். குழாய் விரியும் கூம்பில் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி, மிச்சப் புகையை வெளியே இழுக்கும். கொஞ்சம் புதுக் கலவையும் கூடவே வெளியே வந்துவிடும். பரவாயில்லை. அலையின் மிச்சம் கடைசியில் உள்ள குறுகும் கூம்பில் மோதி, மலையில் கத்தினால் எதிரொலி வருவதுபோலத் திரும்பி வந்து, வெளியே தொங்குகிற பெட்ரோலை உள்ளே தள்ளும். தள்ளி முடிக்கவும் கதவு மூடவும் சரியாக இருக்கவேண்டும். ரைட், போலாம்!

இதைக் கணக்குப் போட்டுச் செய்து காட்டியவர் வால்ட்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில், எம்.இசட். கம்பெனியின் பந்தயப் பிரிவில் இருந்தவர். கையில் காசு கிடையாது, நல்ல இரும்பு கிடையாது. ஓர் அலைகாட்டிக் கருவியை வைத்துக்கொண்டு குழாய்க்குள் நடப்பதைப் படித்தார். 1961-ல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரை கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200! அதே 1961-ல் அந்த வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்தோடு மேற்கே தப்பி ஓடினார். மனைவி மக்கள் காரின் டிக்கிக்குள் ஒளிந்து எல்லை தாண்டினார்கள். அந்த ரகசியம் சுஸுகிக்குப் போய், 1962-ல் டெக்னர் 50 சி.சி. உலக சாம்பியன். எதிர்வீட்டுப் பையனின் பொட்டலத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை.

சரி, அந்தக் கண்டக்டர் எல்லா நேரமும் வேலை செய்வாரா? அதுதான் இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 7,500 சுற்றில் எஞ்சின் ஒரு தடவை சுற்ற 8 மில்லி செகண்டு. அதில் சுமார் பாதி, 4 மில்லி செகண்டு, புகை வாசல் திறந்திருக்கும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். 4 மில்லி செகண்டில் 2 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று. ஆக, கடைசிக் கூம்பு சுமார் 1 மீட்டர் தூரத்தில் இருக்கவேண்டும். 9,000 சுற்றில் கலக்கவேண்டுமா? 83 சென்டிமீட்டர் போதும். நம் பையனுடைய குழாய் ஏறக்குறைய இந்த அளவு.

ஆனால் 4,000 சுற்றில்? வாசல் ஏழரை மில்லி செகண்டு திறந்திருக்கும். எதிரொலியோ மூன்றேகாலிலேயே வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் இறங்கி முடிக்கும் முன்பே கண்டக்டர் எல்லோரையும் உள்ளே தள்ளுகிறார். பஸ் எப்படிக் கிளம்பும்?

கிளம்பவில்லை. அடுத்த வாரம் அவனுடைய அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனான். அப்பா பல வருஷம் கல்வராயன் மலையில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே பழகின வீட்டில் ஒரு கல்யாணம். கச்சிராயபாளையம் வரை சமவெளியில் வண்டி பறந்திருக்கிறது. மலை ஏறி, ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் வண்டி திக்கியது. முதல் கியருக்கு வந்து முறுக்கினான். ஊரே கேட்கிற மாதிரி அலறியதே தவிர ஏறவில்லை. கிளட்ச் கருகிய வாசனை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. கீழே இருந்து ஒரு லாரி வேறு. எப்படியோ காலை ஊன்றி ஓரம் கட்டிவிட்டான்.

அம்மா இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். திட்டவில்லை. "உங்கப்பா ஒருநாளும் என்னை இறக்கி விட்டதில்லடா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அன்று ராத்திரி பையன் என் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். எட்டாயிரம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். "கம்பெனி சைலன்ஸர் எங்கே?" என்றார். நல்லவேளை, பழைய இரும்புக்காரனுக்குப் போட விடாமல் அம்மா அதைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தார். மெக்கானிக் வாலிலிருந்து உள்குழாயை உருவிக் காட்டினார். டூ-டி ஆயில் புகை வருஷக்கணக்கில் படிந்து, அடுப்புக்கரி மாதிரி அடைத்துக் கிடந்தது.

"இவ்ளோ அடைச்சிருந்தா எங்க தம்பி இழுக்கும்? மூக்கைப் பொத்திக்கிட்டு நீ ஓடுவியா?"

மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தி, தட்டிக் கரி எடுத்தார். கிளட்ச் தட்டு செலவு தனி. சைலன்ஸருக்குக் கூலி நூற்றைம்பது ரூபாய்.

சேம்பரைக் குறை சொல்லமாட்டேன். பந்தயத் தடத்தில், ஜெட்டும் பல்சக்கரமும் அதற்கேற்ப மாற்றி ஓட்டினால் அது அற்புதம். ஜெட்டை மாற்றாமல் விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ரோட்டிலோ 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. ஆனால் எஞ்சினியரிங்கோ சட்டமோ, கேட்கவேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: வண்டி எங்கே ஓடப்போகிறது, பின்னால் யார் உட்காரப்போகிறார்கள்?

போன ஞாயிறு இருவரும் மறுபடி வெள்ளிமலை போய் வந்தார்கள். சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்: "வண்டி ஏறிச்சாம்மா?"

"ஏறிச்சுண்ணே. சத்தமே இல்ல. வழிபூரா அவங்கப்பாவப் பத்திப் பேசிக்கிட்டே போனோம்."