தோள் கொடுக்காதவருக்குப் புகழ என்ன யோக்கியதை?

நோயாளிக்குப் பணிவிடை செய்வது நல்ல காரியம் என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவியைவிட மேலான பக்தி ஒன்று இருப்பதாகவும் நாம் கருதவில்லை. ஆனால் அந்தப் பணிவிடையை யார் தலையில் கட்டுவது, எத்தனை வயதில் கட்டுவது, கட்டிவிட்டு மற்றவர்கள் எங்கே போவது என்பதுதான் நமது கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டால் நமது வைதீகர்களுக்கும், ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் கோபம் வருகின்றது. கோபம் வருகிற இடத்தில்தான் உண்மை ஒளிந்திருக்கும். ஆகையால் சற்று விரிவாகவே பேசுவோம்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வரையிலும், அந்தப் பக்கம் திருச்சுழி வரையிலும் உள்ள கரிசல் கிராமங்களைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, குதிரைவாலி. பெய்யாவிட்டால் மில் வேலை, தீப்பெட்டி வேலை, கரிமூட்டம், அதுவும் இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது. இப்படிப்பட்ட வீட்டில் தகப்பன் பக்கவாதத்தில் விழுந்தால், தாய் கூலிக்குப் போயே தீரவேண்டும். தாய் விழுந்தால் தகப்பன் போயே தீரவேண்டும். வீட்டில் மிச்சம் இருப்பது யார்? 12 வயதுப் பெண், 14 வயதுப் பெண். அவளும் இல்லாவிட்டால்தான் பையன்.

அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து தண்ணீர் எடுக்கிறது, கஞ்சி வைக்கிறது, நோயாளியைப் புரட்டிப் போட்டுத் துடைக்கிறது, மலஜலத்தை எடுத்துக் கொட்டுகிறது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுகிறது, சர்க்கரை வியாதிக்கு ஊசி போடக் கற்றுக் கொள்கிறது, மாத்திரை வாங்கப் பஸ் ஏறுகிறது. இராத்திரியில் ஒரு முனகல் கேட்டால் எழுந்து உட்காருகிறது. இவ்வளவும் செய்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பெஞ்சியில் தூங்குகிறது. தூங்கியதற்கு வாத்தியாரிடம் வசவு வாங்குகிறது. பிறகு வாரத்தில் இரண்டு நாள், அப்புறம் ஒரு நாள், அப்புறம் போவதே இல்லை. ஊரார் என்ன சொல்கிறார்கள்? “ஆகா, புண்ணியவதி! இந்த வயசில் என்ன பொறுப்பு!” என்கிறார்கள். சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

தோழர்களே! இந்தப் புகழ்ச்சி எதற்காக என்று யோசித்தீர்களா? புகழ்ச்சிக்குக் காசு செலவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதைவிட ஒரு “புண்ணியவதி”ப் பட்டம் கொடுப்பது சுலபம். உதவி செய்ய வேண்டிய கடமையிலிருந்து தப்பித்துக் கொள்ளுவதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த தந்திரமே இந்தப் புகழ்ச்சி என்று நாம் சொல்லுகின்றோம்.

புராணம் கற்பித்த பாடம்

இந்தத் தந்திரத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தவை புராணங்களேயாகும். சிரவணன் என்று ஒரு பையன், குருடர்களான தாய் தந்தையரைக் காவடியில் வைத்துத் தோளில் சுமந்து போனானாம். பாகவதர்கள் இதைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். அந்தப் பையனுக்குத் தோள் வலித்ததா என்று யாராவது கேட்டதுண்டா? வழியில் ஒருவனாவது, “தம்பி, கொஞ்ச தூரம் நான் சுமக்கிறேன்” என்று சொன்னதாக எந்தப் பாகவதராவது பாடியதுண்டா? தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் ஒரு ராஜாவின் அம்பு பட்டுச் செத்ததுதான் அவன் கண்ட பலன்.

யயாதி கதை இதைவிட யோக்கியமானது! சாபத்தால் கிழவனான ராஜா, தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “உன் வாலிபத்தை எனக்குக் கொடு, என் மூப்பை நீ வாங்கிக் கொள்” என்றானாம். மாட்டோம் என்ற நாலு பிள்ளைகளுக்கும் சாபம். சரி என்ற கடைக்குட்டி பூருவுக்குப் பாராட்டு. தகப்பன் ஆயிரம் வருஷம் சுகம் அனுபவித்தான்; பிள்ளை ஆயிரம் வருஷம் கிழவனாய்க் கிடந்தான். பெரியவர்களின் வசதிக்காகச் சிறியவர்களின் இளமையைப் பிடுங்குவதற்கு இதைவிடத் தெளிவான சாஸ்திரம் வேண்டுமா?

பெண்ணுக்கோ நளாயினி. குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் வைத்து, அவன் ஆசைப்பட்ட தாசி வீட்டுக்கே சுமந்து போனாளாம். அதனால் அவள் உத்தமியாம்! நோயாளியைச் சுமப்பது மாத்திரமல்ல, அவன் என்ன சொன்னாலும் வாய் திறவாமல் சுமப்பதுதான் தர்மம் என்பது இதன் கருத்து.

இக்காலத்திலும் இதே புராணம்

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் நம்புகிறார்கள் என்று சிலர் சொல்லலாம். 2020-ம் வருஷம் மே மாதம், கொரோனா ஊரடங்கில், பீகாரைச் சேர்ந்த 15 வயதுப் பெண் ஒருத்தி, விபத்தில் அடிபட்டு நடக்க இயலாத தன் தகப்பனைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, டில்லிக்குப் பக்கத்துக் குருகிராமத்திலிருந்து தர்பங்கா வரை சுமார் 1,200 கிலோ மீட்டர் மிதித்துக் கொண்டு போனாள். வேலையில்லை, வீட்டு வாடகை கொடுக்கப் பணமில்லை, ரயில் இல்லை, அதனால் போனாள். தேசம் என்ன செய்தது? அமெரிக்க ஜனாதிபதியின் மகள் அவளது அன்பையும் பொறுமையையும் மெச்சி எழுதினார். சைக்கிள் சம்மேளனத்தார் பந்தயத்துக்குத் தேர்வு செய்து பார்க்கலாம் என்று அழைத்தனர். 2021-ல் சர்க்கார் பாலர் விருதும் கொடுத்தது.

விருது கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. ஆனால் அடிபட்டுக் கிடந்த ஒரு தொழிலாளியைக் கொண்டு சேர்க்க ஒரு சிறு பெண்ணின் காலைத் தவிர இவ்வளவு பெரிய தேசத்தில் வேறு வாகனம் இல்லாமற் போனது ஏன் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? வெட்கப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டுக் கொண்டோம். காவடிக்குப் பதில் சைக்கிள், அவ்வளவுதான் வித்தியாசம்!

விதி என்னும் பித்தலாட்டம்

“நோய் பூர்வஜென்ம பாவம், பார்த்துக் கொள்ளுவது பிள்ளையின் தலைவிதி” என்பது அடுத்த பேச்சு. இந்தப் பேச்சால் யாருக்கு லாபம்? குறி சொல்லும் கோடாங்கிக்கும், பரிகாரம் சொல்லும் ஜோசியனுக்கும், தட்டு ஏந்துகிறவனுக்கும் லாபம். மருத்துவருக்குப் போக வேண்டிய ரூபாய் மந்திரித்த கயிற்றுக்குப் போகின்றது. பக்கவாதம் கண்டவுடன் சில மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் கைகால் பிழைக்க வழியுண்டு. செய்வினை எடுப்பதில் அந்த நேரத்தைக் கழித்துவிட்டால், பிறகு பத்து வருஷம் அந்தப் பெண் மலஜலம் எடுக்க வேண்டியதுதான். ஆகவே, மூடநம்பிக்கையின் பில்லை உண்மையில் கட்டுகிறவள் அந்தச் சிறு பெண்ணே.

பக்கத்து ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியை மறந்துவிட்டோமா? தர்காவில் பேய் விலகும் என்று நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகள், சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த கொட்டகையில் தீப்பற்றி, 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விபத்தில் 28 பேர் மாண்டனர். வீட்டில் வைத்துப் பார்க்க ஆளும் உதவியும் இல்லாத குடும்பங்களுக்கு மதம் கொடுத்த கைம்மாறு சங்கிலிதான். கோவிலானாலும் தர்காவானாலும் வேறு எதுவானாலும் நமக்கு இதில் பாரபட்சம் இல்லை.

ஏன் பெண்?

2019-ல் மத்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் உழைக்கிறாள். ஆண் 97 நிமிஷம். வீட்டாரைப் பராமரிப்பதில் பெண் 134, ஆண் 76. இது கடவுள் எழுதிய கணக்கா?

திருச்சுழியில் பிறந்த வெங்கட்ராமன் என்ற பையன், தகப்பன் இறந்து நாலு வருஷத்தில், 1896-ல், 16 வயதில் மதுரை வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். தாய் தேடிப்போய் அழுது கூப்பிட்டும் வரவில்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்று கொண்டாடுகிறது. தாயின் கடைசிக் காலத்தில் அவர் கூட இருந்ததையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அதே திருச்சுழிப் பக்கத்தில் 16 வயதுப் பெண் ஒருத்தி, “தகப்பனை வேறு யாராவது பகலில் பார்த்துக் கொள்ளுங்கள், நான் பள்ளிக்கூடம் போகிறேன்” என்று சொன்னால் அவளுக்கு என்ன பட்டம் கொடுப்பீர்கள்? பையன் வீட்டைவிட்டால் ஞானி. பெண் வீட்டு வாசலைத் தாண்டினால் கல்நெஞ்சக்காரியா?

“பெற்றோரைப் பார்க்க வேண்டாமா?”

பார்க்க வேண்டும். யார் பார்ப்பது? பெற்றோர், மூத்தோர் பராமரிப்புக்காக 2007-ல் செய்த சட்டம்கூட, கடமைப்பட்ட பிள்ளைகள் என்பதில் மைனர்களைச் சேர்க்கவில்லை. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம் என்று சொல்லும்போது பள்ளி நேரம் போகத்தான் என்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை என்று 2009-ல் சட்டம் செய்தாயிற்று. சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. ஊர்தான் எதிர்ப் பக்கம் இருக்கிறது.

“சீமையில் பெற்றோரைத் தள்ளிவிடுகிறார்கள், நாம் அப்படியா?” என்று சிலர் மீசை முறுக்குவார்கள். அந்தச் சீமையிலே 2011 ஜனக்கணக்கில் இப்படிப் பணிவிடை செய்யும் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 1,66,000 பேர் என்று எண்ணினார்கள். அவர்களுக்கு என்ன உதவி தேவை என்று சர்க்கார் விசாரித்தே தீரவேண்டும் என 2014-ல் சட்டமும் செய்தார்கள். நம் 2011 ஜனக்கணக்கில் இந்தப் பிள்ளைக்குத் தனிக் கட்டமே இல்லை. பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றால் “வீட்டு வேலை” என்ற கட்டத்தில் மறைந்து போவாள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தில் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று சர்க்கார் கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் மூலம் நர்சுகளைப் படுக்கையில் கிடப்போர் வீட்டுக்கே அனுப்பினார்கள். நம் நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. மாத்திரையும், வலிதணிப்பும், இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருவதற்கான திட்டம் அது. மனிதன் மனது வைத்தால் ஆகக்கூடிய காரியமே என்பதற்கு இது பிரத்தியட்ச சாட்சி. ஆனால் கேட்கிறவனுக்குத்தான் நர்சு வருவாள். விதி என்று உட்கார்ந்திருப்பவன் வீட்டுக்குக் கோடாங்கிதான் வருவான்.

செய்ய வேண்டியது

ஆதலால் தோழர்களே, ஒவ்வொரு ஊரிலும் நாலு பேர் கூடி, எந்த வீட்டில் எந்தப் பிள்ளை நோயாளியைப் பார்த்துக் கொண்டு படிப்பை விட்டிருக்கிறது என்று முதலில் ஒரு கணக்கு எடுங்கள். தலைமையாசிரியரிடம் அந்தக் கணக்கைக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்து, வீட்டுக்கு நர்சை அனுப்பச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய கிராம சபை நாட்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். முக்கியமாக, தெருவிலுள்ள ஆண்பிள்ளைகள் முறை போட்டுக் கொண்டு, பள்ளி நடக்கிற நேரத்தில் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். நோயாளியைத் தூக்கிவிடச் சதை வேண்டுமே தவிர, சேலை வேண்டியதில்லை. பெண் உடன் இருக்க வேண்டிய நோயாளிக்கு உங்கள் வீட்டுப் பெண் போகட்டும். அந்த நேரத்துக்கு உங்கள் வீட்டு அடுப்பை நீங்கள் பாருங்கள்.

கோவில் கொடைக்கு வீட்டு வரி போடத் தெரிந்த ஊருக்கு இதற்கு முறை போடத் தெரியாதா? தெரியும், மனமில்லை. மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் ஒரு உபகாரம் செய்யட்டும். அந்தப் பிள்ளையைப் “புண்ணியவதி” என்று புகழுவதையாவது நிறுத்தட்டும். புண்ணியம் அவளுக்கு வேண்டாம். புத்தகப் பையைத் திருப்பிக் கொடுங்கள்.