தங்கவயலுக்குத் தேவை ஒரு வானிலை ஆசிரியர்

இந்திய வானிலைத் துறையின் 150-வது ஆண்டு விழா 2025 ஜனவரி 14-ம் தேதி தில்லியில் நடைபெற்றது. அவ்விழாவில் 'மிஷன் மௌசம்' திட்டத்தைப் பிரதமர் தொடக்கி வைத்தார். அதற்கு ஈராண்டுகளுக்கு ரூ.2,000 கோடி செலவிட 2024 செப்டம்பரிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. புதிய ரேடார்கள், அதிதிறன் கணினிகள், செயற்கைக்கோள் கருவிகள் என அறிவிப்பில் கருவிகளின் பட்டியல் நீண்டது. வானிலையை வகுப்பறையில் கற்றுத்தர ஆள் எங்கே என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

இக்கேள்வி வேறெங்கும்விடக் கோலார் தங்கவயலில் கூர்மையாக எழுகிறது. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு மிஞ்சியவற்றில் சயனைடு மேடுகளும் அடங்கும். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட, மாவுபோல் அரைபட்ட கற்பொடி அது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைப் பெய்துவிட்டு வறண்டே கோலாரை அடைகிறது. ஜூன், ஜூலையில் காற்று பலம். மழையோ செப்டம்பர், அக்டோபரில்தான் மிகுதி. அந்த இடைவெளியில் மேட்டுப் பொடி பறந்து வீடுகளுக்குள் படிகிறது. எந்த வேகத்தில் வீசினால் பொடி கிளம்பும், எத்தனை தூரம் போகும், எந்தக் குடியிருப்பின் மீது இறங்கும் என்பன யாவும் வானிலைப் பாடத்தின் அடிப்படைக் கணக்குகள்.

இனி இக்கணக்கு மேலும் அவசரமாகிறது. 13 மேடுகள் அடங்கிய சுமார் 1,000 ஏக்கரில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. பல ஆண்டுகளாக இறுகிக் கிடக்கும் பொடியைக் கிளறினால் என்ன ஆகும் என்று கேட்கவும், பதிலைச் சரிபார்க்கவும் உள்ளூரில் படித்தவர்கள் வேண்டும். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு அப்படிப்பில் இடம் இல்லை.

கோலாரைத் தலைமையிடமாகக் கொண்ட பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் 2017-ல் உருவானது. அங்கே கற்பித்தலையே முதற்கடமையாகக் கொண்ட வானிலை ஆசிரியர் பணியிடம் ஒன்றை நிரந்தரமாக உருவாக்கி, அவரைத் தங்கவயலில் பணியாற்றச் செய்வதே பொருத்தமான வழி. தனிப் பட்டப்படிப்புகூட உடனே தேவையில்லை. இயற்பியல், புவியியல் மாணவர்களுக்கு ஒரு தாள், ஒரு காற்றுமானி, ஒரு மழைமானி, தூசு அளக்கும் கருவி ஆகியவை போதும்.

தடை எங்கே என்றால், நம் விதிகளில். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். ஆனால், பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக உயர, குறைந்தது 7 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும் என்றது அதே ஒழுங்குமுறை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்கென்றே தனிப் பேராசிரியர் வரிசை உண்டு. இங்கே கற்பித்தலை மட்டும் செய்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கௌரவ விரிவுரையாளர் என்ற பெயர்தான். அதில் கௌரவம் எவ்வளவு என்பது அவர்களுக்கே தெரியும்.

ஆந்திரப் பல்கலைக்கழகம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சிலவற்றில்தான் வானிலை பழைய பாடமாக நிலைத்திருக்கிறது. சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வில் வளிமண்டல அறிவியலும் இருக்கிறது. தேறியவர்கள் போய் அமர நாற்காலிகள்தாம் குறைவு.

தங்கவயல் அறிவியலுக்குப் புதிய ஊரன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். அப்பணியின் முன்னோடிகளில் ஒருவரான எம்.ஜி.கே. மேனன் பின்னர் மத்திய அமைச்சராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். ஊர் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்கிறது. ஆனால், ஆய்வு முடிந்ததும் கருவிகளோடு விஞ்ஞானிகளும் போய்விட்டனர். ஆய்வுக்கூடம் வந்துபோகும், ஊரில் தங்கிப் பாடம் நடத்தும் ஒருவரால்தான் அடுத்த தலைமுறை உருவாகும்.

மேடுகள் சுரங்க அமைச்சகத்தின் பொறுப்பு. வானிலை, புவி அறிவியல் அமைச்சகத்தின் பொறுப்பு. ஆசிரியர் தகுதி மானியக் குழுவிடமும், பணியிடம் மாநில அரசிடமும் உள்ளன. எனவே எந்த அமைச்சரிடம் கேட்டாலும் 'இது எங்கள் துறை சார்ந்ததல்ல' என்ற விடை வரக்கூடும். மானியக் கோரிக்கைகள் நிலைக்குழுக்களில் பரிசீலிக்கப்படும்போது, மிஷன் மௌசம் நிதியில் இத்தகைய ஆசிரியர் பணியிடங்களுக்கு ஒரு பங்கு கேட்கக் கர்நாடக, தமிழக உறுப்பினர்களுக்கு வாய்ப்பு உண்டு. மேடுகளில் முதல் இயந்திரம் இறங்குமுன் குறைந்தது ஓராண்டுக் காற்றளவாவது பதிவாகியிருக்க வேண்டும். அதற்குள் ஒரு ஜூன், ஒரு ஜூலை கட்டாயம் அடங்கியிருக்க வேண்டும்.