நெஞ்சு வலித்தால் சோடாவா?

கார்த்திகை நெருங்கிவிட்டால் விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் ஓய்வு கிடையாது. அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவது, காய்ந்த அகல்களைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்குவது என்று நாள் முழுக்க வேலை. சாயங்காலம் தோளும் தொடையும் கடுகடுக்கும். 'உழைச்ச உடம்பு, வலிக்கத்தான் செய்யும்' என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கடுகடுப்புக்கு ஒரு காரணம், அமிலம். தசை சக்திக்கு மீறி உழைக்கும்போது ஆக்ஸிஜன் போதாமல் அங்கே அமிலம் கூடுகிறது. வலி நரம்பின் நுனியில் அதை உணர்வதற்கென்றே நுண்ணிய கதவுகள் உண்டு. அமிலம் பட்டதும் கதவு திறக்கும். சோடியம் உள்ளே பாயும். மூளைக்குத் தந்தி போகும். 1980-ல் கீவ் நகர விஞ்ஞானிகள் இந்த மின்னோட்டத்தை நரம்பு செல்களில் கண்டார்கள். 1997-ல் பிரான்ஸில் அந்தக் கதவுக்கான மரபணு பிடிபட்டது. (மறுநாள் காலை வரும் வலி வேறு. அதற்குள் அமிலம் வடிந்துவிடும்; அது தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்.)

இந்தக் கதவுகளில் ஒரு வகை மகா உஷார். ரத்தத்தின் இயல்பான பி.எச். அளவு 7.4. சுற்றுப்புறம் 7-க்கு இறங்கினாலே அது திறந்துவிடும். எலிகளை ஆராய்ந்தபோது, இதயத்திலிருந்து வரும் நரம்புகளில் இந்த வகை அதிகம் இருந்தது. ரத்தக்குழாய் அடைத்து இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் அங்கேயும் அதே அமிலம், அதே தந்தி. வேறு சில ரசாயனங்களும் கூட்டுச் சேரும்.

நம் வீடுகளில் அதற்கு வைத்திருக்கும் பெயர்தான் 'கேஸ்'. உடனே ஒரு சோடா, இல்லாவிட்டால் ஜெலூசில். வயிற்று அமிலத்துக்கான மருந்து இதயத் தசையில் ஊறும் அமிலத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் சோடா குடிக்க உட்கார்ந்ததில் இதயத்துக்கு ஓய்வு கிடைத்து வலி தணியும். பெயர் சோடாவுக்கு!

பாரம் தூக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்து, உட்கார்ந்ததும் அடங்கும் நெஞ்சழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்; ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். ஒரு முறை ஈ.சி.ஜி. நன்றாக இருந்துவிட்டால் போதும் என்றும் இல்லை. மேற்கொண்டு சோதனை சொன்னால் செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் 108.

சர்க்கரை நோயாளிகள் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. பல வருடச் சர்க்கரையில் அந்த நரம்பே பழுதாகியிருக்கலாம், தந்தி வராது. திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, இவைதான் அவர்களுக்கு நெஞ்சு வலி.