உருகிய பின் பிரியாத செம்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு கும்மிடிப்பூண்டிப் பகுதியில் உள்ள ஓர் உருக்காலையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஆலை அது. முற்றத்தில் குவிந்திருந்த இரும்பின் ஓரத்தில் அமர்ந்து, ஒரு தொழிலாளி பழைய மோட்டாரிலிருந்து செம்புச் சுருளைப் பிரித்துக் கொண்டிருந்தார். செம்புக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதற்காகவா என்று கேட்டேன். "அதுவும்தான் சார். ஆனா இது உள்ளே போயிட்டா அப்புறம் எடுக்கவே முடியாது" என்றார். பசுமை உருக்கு பற்றிய இன்றைய விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய பதில் நினைவுக்கு வருகிறது.

உருக்கு உற்பத்தியில் உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கும் இந்தியா, 2030-31-ஆம் ஆண்டுக்குள் உற்பத்தித் திறனை 30 கோடி டன்னாக உயர்த்த 2017-ஆம் ஆண்டின் தேசிய உருக்குக் கொள்கையில் இலக்கு நிர்ணயித்தது. ஆனால், இங்கே ஒரு டன் உருக்குக்குச் சுமார் 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. இது உலக சராசரியைவிட அதிகம். 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2024 டிசம்பரில், ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்கும் குறைவான உமிழ்வு இருந்தால்தான் 'பசுமை உருக்கு' என்று மத்திய உருக்கு அமைச்சகம் வரையறுத்தது.

இந்த வரையறையை எட்டுவதற்கு உள்ள எளிய வழி பழைய இரும்பு. இரும்புத் தாது என்பது ஆக்சிஜனோடு பிணைந்த இரும்பு. அந்தப் பிணைப்பை அறுக்கத்தான் ஊதுலையில் கரி தேவைப்படுகிறது. கரியமில வாயுவின் பெரும்பகுதி அங்கேயே உருவாகிறது. பழைய இரும்பில் அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது, உருக்கினால் போதும். எனவேதான், காயலான் கடைக்குப் போகும் வாகனங்கள் இன்று நாட்டின் கனிம வளமாகக் கருதப்படுகின்றன.

ஆனால், 'உருக்கினால் போதும்' என்ற சொற்களுக்குள் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. சுமார் 1,600 டிகிரி செல்சியஸில் உருகிய இரும்பு தன்னுள் விழும் எல்லாப் பொருள்களையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. இரும்பைவிட ஆக்சிஜனை அதிகம் நாடும் அலுமினியம், சிலிக்கான் போன்றவை எளிதில் ஆக்சைடாகிக் கசடில் சேர்கின்றன. கசடு மேலே மிதப்பதால் வழித்தெடுத்துவிடலாம். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி, புகைத்தூசியோடு வெளியேறிவிடும். செம்பும் வெள்ளீயமும் நிக்கலும் அப்படியல்ல. அவற்றுக்கு ஆக்சிஜன் மீதான நாட்டம் இரும்பைவிடக் குறைவு. எவ்வளவு ஆக்சிஜனை ஊதினாலும் முதலில் எரிவது இரும்புதான். செம்பு உருகிய இரும்பிலேயே தங்கிவிடும். குழம்பில் கூடிப்போன உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யலாம், அவ்வளவே. உருக்காலைகளும் அதைத்தான் செய்கின்றன: தாதுவிலிருந்து எடுத்த புது இரும்பைச் சேர்த்துச் செம்பின் விகிதத்தைக் குறைக்கின்றன. இந்தியாவில் அதற்குப் பயன்படும் கடற்பஞ்சு இரும்பின் பெரும்பகுதி நிலக்கரியைக் கொண்டே தயாராகிறது. அதாவது, முன்வாசலில் விரட்டிய கரிமத்தைப் பின்வாசல் வழியாக நாமே அழைத்து வருகிறோம்.

சிறிதளவு செம்பு என்ன செய்துவிடும்? உருக்கை உருட்டிக் கம்பியாக்க அதை மீண்டும் 1,100 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அப்போது மேற்பரப்பில் உள்ள இரும்பு ஆக்சைடாகி உதிர, ஆக்சைடாகாத செம்பு அங்கே சேர்ந்துகொண்டே போகும். 1,085 டிகிரியில் உருகும் அந்தச் செம்பு, உருக்கின் படிகங்களுக்கு இடையே திரவமாக ஊடுருவும். உருட்டும் அழுத்தத்தில் அங்கே விரிசல் விழும். கட்டடக் கம்பியில் சுமார் 0.4 சதவீதம் வரை செம்பைச் சகித்துக்கொள்ளலாம். கார் உடலுக்கான மெல்லிய தகட்டிலோ சுமார் 0.06 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலோகவியலாளர்களின் பொதுவான கணக்கு. ஒரு டன்னுக்கு முன்னதில் நான்கு கிலோ, பின்னதில் 600 கிராம். ஆனால், சாதாரணக் கார் ஒன்றின் கம்பிகளிலும் மோட்டார்களிலும் சுமார் 20 கிலோ செம்பு இருக்கிறது. மின்சாரக் காரில் இன்னும் அதிகம். பிரிக்காமல் உருக்கினால், கார் மீண்டும் காராக முடியாது.

உருகிய இரும்பின் இந்தத் தேர்வு, உயிர்களோடு தொடர்புடையதும்கூட. 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ் நகரில், புற்றுநோய் சிகிச்சைக் கருவி ஒன்றின் கோபால்ட்-60 பழைய இரும்போடு உலைக்குச் சென்றது. கோபால்ட்டும் இரும்போடு கலந்து தங்கிவிடும் உலோகம். கதிர்வீச்சு கொண்ட கம்பிகள் சந்தைக்கு வந்தன. 1984 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் கண்டறியும் கருவி, அக்கம்பிகளை ஏற்றிச் சென்ற லாரியை அடையாளம் காட்டிய பிறகே விஷயம் வெளியே வந்தது. அக்கம்பிகளால் கட்டப்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. 1998-இல் ஸ்பெயினில் ஓர் ஆலையின் உலைக்குள் சீசியம்-137 சென்றது. அது உருக்கில் தங்காமல் ஆவியாகிப் புகைத்தூசியில் சேர்ந்தது. இரண்டு ஆபத்துகளும் உலைக்கு முன்னால் தடுக்கப்பட்டிருக்க வேண்டியவை. தில்லி மாயாபுரியில் 2010-இல் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60 ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்ததை நாம் மறந்துவிடலாகாது.

நம் நாட்டில் இந்தப் பிரச்னை கூடுதல் கவனத்துக்குரியது. இந்திய உருக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூண்டல் உலைகளில் தயாராகிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களால் நடத்த முடிந்த, பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் தொழில் அது. ஆனால், தூண்டல் உலை அடிப்படையில் உருக்கும் பாத்திரமே தவிர, சுத்திகரிக்கும் பாத்திரம் அல்ல. பெரும்பாலும் சிலிக்காப் பூச்சு கொண்ட அவ்வுலைகளில் பாஸ்பரஸை நீக்குவதுகூடக் கடினம். உள்ளே போவதுதான் வெளியே வரும். அதுமட்டுமல்ல, ஈரமான இரும்போ, நீர் அடைபட்ட மூடிய உருளையோ உலையில் விழுந்தால், நீர் கண நேரத்தில் சுமார் 1,700 மடங்கு விரிந்து ஆவியாகும். உருகிய இரும்பு எரிமலைக் குழம்பாய்ச் சிதறும். இரும்பைத் தரம் பிரிப்பது என்பது உருக்கின் தரத்துக்கு மட்டுமல்ல, உலையருகே நிற்பவரின் உயிருக்கும் காப்பு.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள், வாகன உற்பத்தியாளர்களைப் பொறுப்பாக்கியிருக்கின்றன. வரவேற்க வேண்டிய நடவடிக்கை இது. நச்சுத் திரவங்களையும் மின்கலங்களையும் பாதுகாப்பாக அகற்றுவது பற்றியும் அவை பேசுகின்றன. ஆனால், உற்பத்தியாளரின் கடமை மீட்கப்படும் உருக்கின் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடைக்கு மட்டும் மதிப்பளித்தால், வேகமாக நொறுக்குபவருக்கே லாபம். நொறுக்கும் இயந்திரத்தில் அரைபட்ட காரிலிருந்து காந்தம் இரும்பைப் பிரிக்கும்போது, இரும்பு மையத்தில் சுற்றப்பட்ட மோட்டாரின் செம்புச் சுருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். காந்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. மனிதக் கைக்குத் தெரியும்.

அந்தக் கைகள் நம்மிடம் உள்ளன. சென்னை புதுப்பேட்டையிலும் நாட்டின் பிற நகரங்களிலும் வாகனங்களைக் கையாலேயே பிரித்தெடுக்கும் தொழிலாளர்கள் பல தலைமுறைத் தேர்ச்சி பெற்றவர்கள். அவர்களைப் பழைமையின் எச்சமாகக் கருதி ஒதுக்கிவிட்டு, இயந்திரங்களை மட்டும் நவீனம் என்று கொண்டாடுவது தவறு. அதேவேளையில், கையுறையோ காப்பீடோ இல்லாமல், கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் இன்றைய நிலையையும் நியாயப்படுத்த முடியாது.

அரசு செய்ய வேண்டியவை சில உள்ளன. மீட்பு இரும்புக்கான சான்றிதழில் எடையோடு செம்பின் அளவும் இடம்பெற வேண்டும். தூய்மையான இரும்புக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்க வேண்டும். கம்பித் தொகுதியையும் மோட்டார்களையும் எளிதில் கழற்றும் வகையில் வாகனங்களை வடிவமைப்பதை உற்பத்தியாளரின் கடமையாக்க வேண்டும். கையால் பிரிக்கும் தொழிலாளர்களைப் பதிவு பெற்ற மையங்களுக்குள் கொண்டுவந்து, பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் தர வேண்டும். சிறு உருக்காலைகள் பலவும் சேர்ந்து பயன்படுத்தும் வகையில், கதிர்வீச்சைக் கண்டறியும் கருவிகளைத் தொழிற்பேட்டை நுழைவாயில்களில் நிறுவ வேண்டும்.

இவற்றுக்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால், அந்தச் செலவை இன்று தவிர்த்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் செம்பு கூடிக்கொண்டே போகும். நீர்க்கச் செய்யக் கூடுதல் நிலக்கரி இரும்பு தேவைப்படும். எல்லையில் கரிம வரியாகவும் அதைச் செலுத்த நேரிடும். அன்று உருக்காலை முற்றத்தில் அந்தத் தொழிலாளி இரண்டே நிமிடங்களில் செய்த வேலையை, உலைக்குள் சென்ற பிறகு எந்தப் பொறியாளராலும் செய்ய முடியாது. பசுமை உருக்குக்கான முதலீடு உலையில் அல்ல, அந்த முற்றத்தில் தொடங்க வேண்டும்.